‘அவளுக்குப் பின்’ என்னும் தொடர்: உயிலின் பொருளும் குடும்ப அறக்கட்டளையும்

“என் ஆயுளுக்குப் பின் மேற்படி வீட்டை என் மனைவி சர்வ சுதந்திரமாய் அனுபவித்து வரவேண்டியது, அவளுக்குப் பின் என் குமாரர்கள் இருவரும் சமபாகமாய் அடைந்துகொள்ள வேண்டியது.”

தமிழில் எழுதப்படும் உயில்களில் இவ்வகை வாசகம் மிகவும் பழக்கமானது. எழுதியவருக்கு இதில் ஐயம் ஏதும் இருந்திருக்காது. மனைவி தெருவில் நிற்கக்கூடாது, வீடு பிள்ளைகளை விட்டு வெளியே போகவும் கூடாது என்பதே அவர் எண்ணம். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு உயில்கள் இருக்கின்றன. முற்பாதியின்படி மனைவி முழு உரிமையாளர். விற்கலாம், தானம் செய்யலாம். பிற்பாதியின்படி அவர் ஆயுள் உள்ளவரை அனுபவிப்பவர் மட்டுமே. எந்தப் பாதி மற்றதை வெல்லும் என்பதை உயில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவரும் இப்போது இல்லை.

விளக்கத்துக்காகச் சந்தாபுராவில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர், ஓசூர் சாலையின் ஓரம் ஊராகவே இருந்த காலத்தில் ஒரு முப்பதுக்கு நாற்பது மனை வாங்கினார். கீழே தாம் குடியிருந்துகொண்டு, மேலே இரண்டு தளங்களை வாடகைக்கு விட்டார். பின்னர் எலக்ட்ரானிக் சிட்டி வளர்ந்தது. 2025 ஆகஸ்ட் 10 அன்று பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயிலும் வந்தது. மனையின் மதிப்பு அவர் கனவிலும் கண்டிராத அளவுக்கு ஏறிற்று. மேலே கண்ட வாசகத்துடன் தமிழில் உயில் எழுதிவைத்து அவர் மறைந்தார். மூத்த மகன் ஓசூரில் தனிக்குடித்தனம்; இளையவர் தாயுடன் இருந்து பார்த்துக்கொண்டார். தாய் தம் எழுபத்து நான்காம் வயதில் வீடு முழுவதையும் இளையவருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவும் செய்தார். அவர் மறைந்த பின் மூத்தவர் உயிலைக் காட்டிப் பாதி வீட்டைக் கேட்கிறார்.

இதில் பொய்யுரைத்தவர் எவருமில்லை. ‘சர்வ சுதந்திரமாய்’ என்பதைத் தாய் நம்பினார். ‘சமபாகமாய்’ என்பதை மூத்தவர் நம்புகிறார். இளையவர் அந்த வீட்டின்மேல் கடன் கேட்டு வங்கிக்குச் சென்றாலும் அங்கேயும் இதே வாக்கியந்தான் குறுக்கே நிற்கும். மூல ஆவணங்களைப் படிக்கும் வங்கியின் சட்ட ஆலோசகர், தாயின் உரிமை முழுமையானதா ஆயுள்கால உரிமையா என்பது தெளிவாகாமல் கருத்துரை தரமாட்டார். பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்தாலும், கட்டா பதிவு உரிமையைத் தீர்மானிப்பதில்லை. தகராறு எழுந்தால் நகராட்சி அலுவலர் உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் கைகாட்டுவார்.

நீதிமன்றம் படிக்கும் முறை

உயிலுக்குச் சட்டச் சொற்கள் வேண்டியதில்லை. எழுதியவரின் எண்ணம் புலப்படும் சொற்கள் போதும் என்கிறது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 74-ஆம் பிரிவில். ஒரு வாசகத்தின் பொருளை உயில் முழுவதையும் படித்தே கொள்ளவேண்டும் என்பது 82-ஆம் பிரிவு. ஒருவருக்குச் சொத்தைக் கொடுத்துவிட்டு, குறுக்கும் சொற்கள் எதுவும் சேர்க்காவிட்டால், எழுதியவரிடம் இருந்த உரிமை முழுவதும் அவருக்குச் சேரும் என்பது 95-ஆம் பிரிவு. ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கவே முடியாத இரு வாசகங்கள் இருந்தால் கடைசி வாசகமே நிலைக்கும் என்பது 88-ஆம் பிரிவு.

இந்தக் கடைசி விதி பலருக்கு வியப்பளிக்கும். விற்பனைப் பத்திரம், தானப் பத்திரம் போன்றவற்றில் நேர்மாறாக, முதலில் கொடுத்ததே நிற்கும். பின்னர் அதைப் பறிக்கும் வாசகம் தள்ளப்படும். கையெழுத்திட்ட கணத்திலேயே சொத்தைக் கைமாற்றுவது பத்திரம். உயிலோ, எழுதியவர் இறக்கும் வரை மாறிக்கொண்டே இருக்கக்கூடியது. ஆகையால் அவருடைய கடைசிச் சொல்லே அவருடைய சொல். கைவேலிக்கல் அம்புஞ்ஞி வழக்கில் 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைத்தது.

அப்படியானால் மூத்த மகன் வென்றுவிட்டார் என்று முடிவுகட்ட முடியுமா? முடியாது. முழு உரிமையை ஐயமறக் கொடுத்துவிட்ட பின், அதே சொத்தை அவருக்குப் பின் இன்னொருவருக்கு என்று எழுதினால் அந்தப் பிற்பகுதி செல்லாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. 2002-இல் வெளிவந்த மௌலேஸ்வர் மணி வழக்கு அதற்குச் சான்று. கொடுத்துவிட்ட பொருளின் எதிர்காலத்தைக் கொடுத்தவர் கட்டிவைக்க இயலாது என்பது அதன் காரணம். ஆக, ஒரு தரப்பு வழக்கறிஞர் 88-ஆம் பிரிவை ஏந்தி வருவார்; மறு தரப்பு வழக்கறிஞர் 95-ஆம் பிரிவையும் 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் ஏந்தி வருவார். இருவர் கையிலும் நல்ல சட்டமே இருக்கும். இறுதியில் நீதிபதி உயிலைத் தலைமுதல் கால்வரை படித்து, ‘சர்வ சுதந்திரமாய்’ என்பது மனைவியின் உரிமையைக் குறித்ததா, யாருடைய தலையீடும் இன்றிக் குடியிருக்கும் வசதியைக் குறித்ததா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும். ஒரே சொல்லுக்கு இரண்டு உயில்களில் இரண்டு விடைகள் கிடைப்பது இதனால்தான்.

இதில் நீதிமன்றத்தின் கை எவ்வளவு கட்டப்பட்டது என்பதற்குத் தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு வழக்கு உண்டு. கோதண்டராம ஐயர் என்பவர் 1905-இல் எழுதிய உயில், 1950-ஆம் ஆண்டின் இறுதியில் உச்ச நீதிமன்றத்தில் ஞானாம்பாள் அம்மாள் வழக்காக முடிவுக்கு வந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள்! உயில் எழுதியவரின் எண்ணத்தைத் தேடுவதே தலையாய விதி. ஆனால் அந்த எண்ணத்தை அவர் எழுதிய சொற்களிலிருந்தே எடுக்க வேண்டும். நல்ல அறிவுரை கிடைத்திருந்தால் அவர் என்ன எழுதியிருப்பார் என்று ஊகிக்கக் கூடாது. இதுவே அத்தீர்ப்பின் சாரம். இன்றுவரை உயில் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. “அப்பாவின் மனசு எங்களுக்குத் தெரியும்” என்று பிள்ளைகள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நீதிமன்றம் அந்த மனத்தைத் தாளில்தான் தேடும்.

இந்துக் குடும்பங்களில் இன்னொரு முடிச்சும் சேரும். மனைவிக்கு ஜீவனாம்ச உரிமை இயல்பாகவே உண்டு. அந்த உரிமைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட குறுகிய உரிமை, 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவால் முழு உரிமையாக மலர்ந்துவிடும் என்று 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாமே சம்பாதித்த சொத்தை உயில் வழியாகக் குறுக்கிக் கொடுத்தால் அக்குறுக்கம் செல்லும் என்று பின்வந்த தீர்ப்புகள் சில கூறின. இவ்விரு வரிசைகளையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஓர் அமர்வு இக்கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. ஆகவே ‘ஆயுள் வரை மட்டும்’ என்று தெளிவாகவே எழுதினாலும், இந்துப் பெண்ணுக்குக் கொடுக்கும்போது அது ஏன், எந்தச் சொத்திலிருந்து கொடுக்கப்படுகிறது என்பதையும் உயிலிலேயே கூறிவிடுவது நலம்.

தமிழ் உயில், கன்னட நாடு

சந்தாபுராவில் தமிழில் உயில் எழுதுவதற்குத் தடையில்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை. உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை. பதிவு செய்ய விரும்பினால், அம்மாவட்டத்தில் பொதுவாக வழங்காத, பதிவு அலுவலருக்கும் விளங்காத மொழியிலுள்ள ஆவணத்துடன் சரியான மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. பதிவு செய்யாவிட்டாலும், தகராறு வந்தால் அந்த உயில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பெயர்க்கப்பட்டே நீதிபதியின் மேசைக்குப் போகும். அப்போது ‘அனுபவித்து’ என்பதும் ‘பாத்தியம்’ என்பதும் ‘சந்ததி’ என்பதும் மொழிபெயர்ப்பாளரின் கையில் இருக்கும்.

நம் பழைய பத்திரங்களில் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்றொரு தொடர் வரும். பேரன் வழி மட்டுந்தான், பெண்களுக்கு இல்லை என்று அதைப் படிப்பவர் உண்டு. இதனோடு உறவுடைய வங்காளத் தொடர் ஒன்று 1881-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அது ஆண்வழியை மட்டும் குறிப்பதன்று, வாரிசுகளுக்குச் செல்லக்கூடிய முழு உரிமையையே குறிக்கும் என்று அங்கே முடிவாயிற்று. எழுத்தர் அழகுக்காகச் சேர்த்த தொடர் சொத்தின் அளவையே மாற்றிவிடுகிறது. பத்திர எழுத்தர்கள் பழைய நகலிலிருந்து அடுக்கும் இத்தகைய தொடர்கள் கம்பீரமாக ஒலிக்கும் என்பதை மறுக்கவில்லை. உயிலில் அந்தக் கம்பீரம் வேண்டாம்.

எளிய தமிழே போதும். மனைவிக்கு முழு உரிமை தருவதானால், “இவ்வீட்டை என் மனைவிக்கு முழு உரிமையாகத் தருகிறேன், அவர் விற்கலாம், தானம் செய்யலாம், உயில் எழுதலாம்” என்று எழுதி நிறுத்திவிட வேண்டும், ‘அவளுக்குப் பின்’ என்று தொடரக் கூடாது. ஆயுள்கால உரிமை மட்டுமே தருவதானால், “என் மனைவி தம் ஆயுள் உள்ளவரை இவ்வீட்டில் குடியிருக்கவும், வாடகையை வாங்கித் தம் செலவுக்கு எடுத்துக்கொள்ளவும் உரிமையுடையவர்; விற்கவோ, தானம் செய்யவோ, அடமானம் வைக்கவோ உரிமையில்லை” என்று இல்லாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவச் செலவு வந்தால் என்ன செய்வது, வீட்டு வரியும் பழுதுபார்ப்பும் யார் பொறுப்பு என்பதும் அதே பத்தியில் இருக்கட்டும். ஒரு மகன் தாய்க்கு முன்பே இறந்துவிட்டால் அவர் பங்கு அவருடைய மனைவி மக்களுக்குச் சேருமா, உடன்பிறந்தவருக்குச் சேருமா என்பதையும் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால், தந்தை இறந்தபோதே மகனின் பங்கு அவருக்கு உரித்தாகிவிட்டது என்ற விதிப்படி அது பெரும்பாலும் அவருடைய வாரிசுகளுக்கே போகும்.

என் கருத்தைக் கேட்டால், ஒரே வீடு, வளர்ந்த பிள்ளைகள், ஒற்றுமையான குடும்பம் என்றால் மனைவிக்கு முழு உரிமையே கொடுத்துவிடுவது மேல். பல உயில்கள் பிள்ளைகளைக் காப்பதாக எண்ணிக்கொண்டு தாயை நம்ப மறுக்கின்றன.

முன்னோர் வழிச் சொத்து வேறு விதம். கிருஷ்ணகிரியில் உள்ள பூர்வீக நிலத்தில் தமக்குரிய பங்குக்கு மட்டுமே ஒருவர் உயில் எழுத முடியும். மகள்களுக்கும் அதில் பிறப்புரிமை உண்டு. தமிழ்நாடு 1989-லும் கர்நாடகம் 1994-லும் இதற்குத் தனித் திருத்தங்கள் கொண்டுவந்தன. 2005 முதல் நாடெங்கும் அதுவே சட்டம்.

கையொப்பம் பற்றி ஒரு சொல். இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்கள் உயிலால் பயன் பெறாதவர்களாகவும், எழுதுபவரைவிட இளையவர்களாகவும், பக்கத்திலேயே வசிப்பவர்களாகவும் இருப்பது நல்லது. பதிவு செய்த உயிலாயினும், சாட்சிகளில் ஒருவர் உயிரோடிருந்தால் அவரை நீதிமன்றத்தில் விசாரித்தே உயிலை மெய்ப்பிக்க முடியும். பயன் பெறுபவரே முன்னின்று எழுதுவித்த உயிலை நீதிமன்றம் ஐயத்தோடு பார்க்கும். அந்த ஐயத்தை நீக்குவது உயிலை முன்வைப்பவரின் கடமை. இவ்விதியை 1958-இல் உறுதியாக வகுத்த வெங்கடாசல ஐயங்கார் வழக்கு பழைய மைசூர் மாநிலத்திலிருந்து சென்றது.

அறக்கட்டளை எங்கே உதவும்

அனுபவிப்பவர் ஒருவர், இறுதியில் அடைபவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டை உயில் தடுமாறித்தான் செய்கிறது. அறக்கட்டளை என்னும் அமைப்பு பிறந்ததே அதற்காக. சொத்து அறங்காவலர் பெயரில் இருக்கும். பயன் பயனாளிகளுக்குச் சேரும். எவருக்கு, எப்போது, எவ்வளவு என்பதைப் பத்திரம் சொல்லும். கோயிலுக்கும் கல்விக்கும் வைக்கும் பொது அறக்கட்டளை வேறு. இங்கே பேசுவது 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தின் கீழ் வரும் குடும்ப அறக்கட்டளை.

இது எல்லாருக்கும் வேண்டிய ஒன்றன்று. தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத மகனோ மகளோ இருக்கும் வீட்டுக்கு இது மிகப் பொருந்தும். பெற்றோருக்குப் பின் அந்த மகளின் பெயரில் வீட்டை எழுதிவைத்தால் அவரால் அதை நிர்வகிக்க முடியாது. அண்ணன் பெயரில் எழுதி “தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது” என்று சேர்த்தால், அது வெறும் வேண்டுகோளா கட்டாயமா என்ற வழக்கு பிறக்கும். அறக்கட்டளையாக அமைத்தால், வாடகையும் வைப்புத்தொகை வட்டியும் அவருடைய உணவுக்கும் மருந்துக்கும் பணிப்பெண்ணின் சம்பளத்துக்கும் போக வேண்டும் என்பது அறங்காவலரின் சட்டக் கடமையாகிவிடும். அண்ணனே அறங்காவலராயினும் கணக்குக் காட்டியாக வேண்டும்.

அசையாச் சொத்தைக் கொண்டு உயிருடன் இருக்கும்போதே அறக்கட்டளை ஏற்படுத்துவதானால், எழுதிக் கையொப்பமிட்டுப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். சொத்தை மாற்றுவதற்கு முத்திரைத் தீர்வையும் உண்டு. உயிலிலேயே அறக்கட்டளையை ஏற்படுத்தினால் தீர்வை இல்லை. ஆனால் அது மறைவுக்குப் பின்னரே உயிர் பெறும். ஏற்படுத்தும் எண்ணம், நோக்கம், பயனாளி, சொத்து ஆகியவை தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். “என் குடும்ப நன்மைக்காக” என்று மட்டும் எழுதினால் எவருடைய குடும்பம், மருமகள் அதில் அடங்குவாரா என்று உயிலில் எழுந்த அதே கேள்வி இங்கேயும் எழும். பங்குகள் வரையறுக்கப்படாமல் அறங்காவலரின் விருப்பத்துக்கு விடப்பட்டால், பொதுவாக வருமான வரி உச்ச விகிதத்தில் விழும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

என்றென்றைக்கும் கட்டிவைக்கவும் முடியாது. கல்கத்தாவின் பிரசன்ன குமார் தாகூர், கிறித்தவரான தம் ஒரே மகன் ஞானேந்திரமோகனை ஒதுக்கி, சொத்தை அறங்காவலரிடம் வைத்து, தலைமுறை தலைமுறையாக ஆண்வழியில் செல்லும்படி உயில் எழுதினார். 1872-இல் பிரிவி கவுன்சில், முதலில் குறிக்கப்பட்டவரின் ஆயுள்கால உரிமையை ஏற்று, அதற்குப் பின் அடுக்கப்பட்ட வரிசையைச் செல்லாதது என்றது. பிற்பகுதி விழுந்ததும் மிச்ச உரிமை யாரைச் சேர்ந்தது? ஒதுக்கப்பட்ட அந்த மகனைத்தான். இவருக்கு இல்லை என்று எழுதினால் மட்டும் போதாது. சட்டப்படி செல்லும் விதத்தில் இன்னொருவருக்குக் கொடுக்கவும் வேண்டும்.

அறக்கட்டளைத் தகராறுகளில் மிகுதியானவை சொத்தைப் பற்றியவையாக இல்லாமல் கையொப்பத்தைப் பற்றியவையாக இருக்கின்றன. அறங்காவலர் பலராயின் அனைவரும் சேர்ந்தே செயற்பட வேண்டும் என்பது 48-ஆம் பிரிவு. பத்திரம் வேறுவிதமாகக் கூறினாலன்றிப் பெரும்பான்மை முடிவு செல்லாது. மூவரில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தாலோ பேச்சுவார்த்தை இல்லாமல் போனாலோ வாடகை ஒப்பந்தங்கூட நின்றுவிடும். போதாக்குறைக்கு, வெளிநாட்டையே நிலையான உறைவிடமாகக் கொண்டவர் தகுந்த அறங்காவலர் அல்லர் என்று 60-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. 1882-இல் எழுதிய வரி. கலிஃபோர்னியாவில் குடியேறிய மகனை மனத்தில் வைத்து எழுதியதன்று. ஆயினும் பயனாளி ஒருவர் அதை எடுத்துக்காட்டி எதிர்க்க முடியும்.

தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்கு விடவேண்டும் என்று பல பத்திரங்களில் ஒரு வாசகம் இருக்கிறது. குடும்ப அறக்கட்டளையைப் பொறுத்தவரை அதை நம்ப வேண்டாம். அறக்கட்டளைச் சட்டம் தானே தீர்வுகளைத் தந்திருப்பதாலும், பயனாளிகள் அத்தகைய ஒப்பந்தத்தில் தரப்பினர் அல்லர் என்பதாலும், இத்தகராறுகள் நடுவர் மன்றத்துக்குச் செல்லா என்று 2016-இல் விமல் கிஷோர் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு பயன்படும்: நிர்வாகம் பற்றி ஐயம் எழும்போது, வழக்குத் தொடராமலே, மனு மூலம் அறங்காவலர் நீதிமன்றத்தின் அறிவுரையைக் கேட்கலாம். சிக்கலான, பெரிய கேள்விகளுக்கு அது பொருந்தாது. சிறியவற்றைச் சண்டையாகாமல் தடுக்கும்.

வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள். தனிநபர் வைப்புக் கணக்குகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் நால்வர் வரை நாமினியாக நியமிக்கலாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை. உரிமையாளரைத் தீர்மானிப்பது உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான். உயிலில் மகளுக்கு என்று எழுதிய வைப்புத்தொகைக்கு மகன் நாமினியாக இருந்தால், வங்கி மகனிடம் கொடுத்துத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளும். மகள் அண்ணனிடமிருந்து அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஆகவே உயில் எழுதும் நாளிலேயே நாமினிப் பதிவுகளையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். அறக்கட்டளையின் பெயரிலுள்ள கணக்குக்கு நாமினி வசதி கிடையாது. அறங்காவலர் ஒருவர் மறைந்தால் அடுத்தவர் யார், அவரை நியமிப்பவர் யார், காசோலையில் எத்தனை பேர் கையொப்பமிட வேண்டும் என்பவற்றை வங்கி அந்தப் பத்திரத்தில்தான் தேடும். கணக்குத் தொடங்க வரும்போது பத்திரத்தின் சான்றுபெற்ற நகலுடனும் அறக்கட்டளையின் பான் அட்டையுடனும் வாருங்கள். அந்தப் பக்கம் பத்திரத்தில் இல்லாவிட்டால், சொத்தை மாற்றுவதற்கு முன் வழக்கறிஞரிடம் சொல்லி எழுதிச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.